மாடிப்பள்ளிக்கு வந்த சிறப்பு விருந்தினர்

பிரிக்பீல்ட்ஸில் காதர் பாயின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது செந்தமிழ்ப் பண்பாட்டு மன்றம். தலைவர் உண்டு, துணைத் தலைவர்கள் உண்டு, ஆலோசகர்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு உண்டு. உறுப்பினர்கள்தான் கொஞ்சம் குறைவு. ஆண்டுக்கு இரண்டு விழா. மற்ற நாள்களில் சுவரிலுள்ள புலவர் படங்களும் கீழே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

மலாய் சுல்தானிடம் 'டத்தோ' பட்டம் வாங்கிய தலைவர் ராதாகிருஷ்ணன் தொழில் விஷயமாக நெடுநாள் வெளிநாட்டில் இருந்த சமயம், செயலாளர் வேலாயுதம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டும் உட்படாமலும் ஒரு காரியம் செய்தார். ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் பள்ளி ஒன்றை அந்த மாடிக்குள் விட்டார்.

பள்ளியை நடத்தியவள் அடுவா. கானா நாட்டுக்காரி. முதுகலை படிக்க வந்தவள், இங்கே வேலை பார்த்த தன் நாட்டுக்காரரையே கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். அவளுடைய விசா கணவனுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டிருப்பது. பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று அதில் எங்கும் இல்லை.

பிள்ளைகள் சோமாலியா, சூடான், நைஜீரியா, கேமரூன் என்று பல நாட்டுப் பிள்ளைகள். சில பெற்றோரிடம் அகதி அட்டை இருந்தது. சிலர் படிக்க வந்து, சேர்ந்த கல்லூரியே இழுத்து மூடப்பட்டதால் விசா இழந்தவர்கள். சிலரிடம் எதுவுமே இல்லை. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடையாது. தனியார் பள்ளியின் வாசலைப் பார்க்கவே அவர்களுக்கு வசதி போதாது. ஆகவே அந்த மாடி இல்லையென்றால் அவர்களுக்குப் பள்ளி இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

தெருவில் அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர். நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் இன்னும் குட்டையானது, அச்சில் ஏற்ற முடியாது. மற்றவர்கள் நமக்கு வைத்திருக்கும் பெயரையும் அச்சில் ஏற்ற முடியாதுதான். அந்த நேரத்தில் அது நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

தொடக்கத்தில் இந்தப் பெற்றோர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லையாம். சோமாலியர் நைஜீரியரை நம்ப மாட்டார். நைஜீரியருக்குள்ளேயே வடக்குக்காரர் தெற்குக்காரரோடு பேச மாட்டார். அடுவா சுங்கை வேயிலும் பண்டமாரானிலும் அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறி இறங்கியிருக்கிறாள். கதவைத் திறக்காத வீடுகளுக்கு மறுபடி போயிருக்கிறாள். ஒருநாள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வேலாயுதத்திடம் அவள் சொன்னாள். இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான்.

"ஆப்பிரிக்கான்னு ஒண்ணு இருக்கறதே எங்க ஆளுங்களுக்கு இங்க வந்தப்புறம்தான் தெரியும் அங்கிள். அங்க நாங்க தனித்தனி. இங்க ரோட்டுல நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்கறவர்தான் எங்களை ஒண்ணாக்கினார்."

வேலாயுதம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். அவள் சிரித்தாள். அதன்பிறகு அவரும் சிரித்தார்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் எந்தப் பிள்ளையும் தன் மொழியில் வணக்கம் சொல்லக் கூடாது, இன்னொரு பிள்ளையின் மொழியில்தான் சொல்ல வேண்டும். சோமாலியப் பெண் ஹோதான் கானா மொழியில் 'மாச்சே' என்பாள். நைஜீரியப் பையன் ஒருவன் அவளைப் பார்த்து 'சுபஹ் வனாக்சன்' என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்வான். பாடமும் அப்படித்தான். யாருக்கு எது தெரியுமோ அதை அவர் வந்து எல்லோருடைய பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார். கார் கழுவும் இடத்தில் வேலை செய்யும் சூடான்காரர், ஊரில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். அவர் எல்லைக்கோடே இல்லாத ஆப்பிரிக்கப் படம் ஒன்றைச் சுவர் அகலத் துணியில் வரைந்து, ராஜாக்களையும் வணிகப் பாதைகளையும் பற்றிச் சொல்வார். கோடுகளைப் பிறகு வேறொருவர் வந்து போட்டார் என்பதையும் சொல்வார்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. காகிதம் இல்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும், காகிதம் உள்ள வேறு நாட்டுக் குடும்பம் ஒன்று ஜோடி. பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் பிள்ளைகள் ஜோடி வீட்டுக்குப் போக வேண்டும். ஹோதானின் தாய் சஃபியாவுக்கு ஜோடி ஒபின்னா, ஆராய்ச்சி மாணவராகச் சட்டப்படி இருக்கும் நைஜீரியர். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது ஜோடி வீட்டின் தொலைபேசி எண்ணைத்தான்.

வேலாயுதம் கிள்ளானில் குடியிருப்பவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மன்ற வேலை ஒன்றும் இல்லாத நாளிலும் ரயிலேறி வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவார். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அந்த மண்டபத்தில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதாக அவருக்கு நினைவில்லை.

டத்தோ திரும்பி வந்தார். பள்ளியைப் பார்த்தார். இன்றோடு போயிற்று என்று வேலாயுதம் நினைத்தார். ஆனால் டத்தோ அந்த ஆப்பிரிக்கப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுக் கண்கலங்கினார்.

"வேலாயுதம், இவங்க யாருன்னு நினைச்சீங்க? நம்ம பங்காளிங்க. கடல்கோளுக்கு முன்னால இதெல்லாம் ஒரே நிலம். குமரிக்கண்டம்."

டத்தோ கெட்டவரல்லர். அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பியிருப்பார், அடுவா வேறு மாடி தேடியிருப்பாள், கதையும் இல்லை. அவர் நல்லவர், அதுவும் மேடை வைத்த நல்லவர். தமிழர்–ஆப்பிரிக்கர் உறவுப் பாலம் என்று ஒரு விழா எடுப்பது, பள்ளிக்குப் பாராட்டு, ஆசிரியைக்குப் பொன்னாடை, அதே மேடையில் மண்டபம் நிரந்தரமாகப் பள்ளிக்கே என்று அறிவிப்பு எனச் செயற்குழுவில் கடகடவென்று முடிவாகிவிட்டது. விழா வேண்டாமென்றால்? அப்படியொரு கேள்வியே டத்தோவுக்குப் புரியவில்லை. விழா இல்லாமல் மண்டபத்தை எப்படிக் கொடுப்பது, கமிட்டிக்கு என்ன பதில் சொல்வது என்றார்.

அடுவா குமரிக்கண்டத்தைப் பற்றி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அது எப்போது மூழ்கியது என்று மட்டும் விசாரித்தாள். அதெல்லாம் டத்தோவுக்குத்தான் தெரியும் என்றார் வேலாயுதம். விழாவை ஏற்க அவளுக்கு மனமில்லை. நிரந்தரமாக ஒரு இடம் என்பதை அவளால் உதறவும் முடியவில்லை. கடைசியில் நிபந்தனை சொன்னாள். புகைப்படம் கூடாது. பத்திரிகை கூடாது. அழைப்பிதழில் ஒரு பிள்ளையின் பெயரோ பெற்றோரின் பெயரோ வரக் கூடாது. எங்களைப் பாராட்டுங்கள், ஆனால் யாருக்கும் தெரியாமல் பாராட்டுங்கள் என்றாள்.

புகைப்படம் இல்லாத விழா டத்தோவுக்குத் தாலி இல்லாத கல்யாணம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைக் காப்பாற்றவும் செய்தார். வழக்கமாக வரும் நிருபருக்குத் தானே போன் போட்டு, வர வேண்டாம் என்றார். அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தியாகம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் யாரும் நிபந்தனை போடாத ஒன்று மிச்சமிருந்தது. நம் சமூகத்தில் சிறப்பு விருந்தினர் இல்லாமல் குத்துவிளக்கு ஏற்ற முடியாது. தீக்குச்சியே பற்றாது. ஒரு துணையமைச்சர் வருவதாக இருந்தது. துணையமைச்சர்கள் வருவதாகத்தான் எப்போதும் இருக்கும். விழாவுக்கு முந்தின நாள் மாலை அவர் வரவில்லை என்று தகவல் வந்தது.

சனிக்கிழமை காலை வேலாயுதம் கிள்ளானில் ரயிலேறி உட்கார்ந்ததும் டத்தோ கூப்பிட்டார். குரலில் வெற்றி இருந்தது.

"துணையமைச்சர் போனா போகட்டும்லா. நம்ம லோகநாதன் வரேன்னுட்டார். என் சம்பந்தியோட தம்பி. புத்ராஜெயாவுல, கவர்மெண்ட்ல பெரிய ஆபீசர். யூனிபார்ம்லயே வாங்கன்னு சொல்லிட்டேன். போட்டோதான் இல்ல, பார்க்கவாவது ஒரு கெத்து வேணுமில்ல."

என்ன யூனிபார்ம் என்று கேட்டார் வேலாயுதம். இமிகிரேஷன் என்றார் டத்தோ.

ரயில் ஏதோ ஒரு நிலையத்தில் நின்று, கதவு திறந்து, மூடியது.

"டத்தோ, அந்தப் பெற்றோருங்கள்ல பாதிப் பேருக்குப் பேப்பர் இல்ல."

மறுமுனையில் டத்தோ, பாதிப் பேரா என்றார். டத்தோ அதை நினைத்துப் பார்க்கவில்லை என்பது அந்தக் கேள்வியில் தெரிந்தது. நினைத்துப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்வதற்கும் தலைவர் பதவிக்கும் ஒத்துவராது. ஆகவே, அதற்காகத்தான் கூப்பிட்டேன், கண்ணால் பார்த்தால் அவர் மனசு இளகும், ஏதாவது உதவி செய்வார் என்று ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவருக்கே அது முன்பே போட்ட திட்டம் போலத் தோன்றிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்றார் வேலாயுதம்.

"கூப்பிட்டாச்சு வேலாயுதம். கூப்பிட்டவரை வராதீங்கன்னு சொல்ற பழக்கம் நம்மகிட்ட இல்ல."

வேலாயுதம், "சரிங்க டத்தோ," என்றார். பழக்கம்.

அடுவாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். சென்ட்ரலில் இறங்கி, அந்த வயதில் நடக்கக் கூடாத வேகத்தில் நடந்தார். மாடிக்கு வந்தபோது அடுவா ஒரு சிறுமிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். போன் பைக்குள் எங்கோ கிடந்தது. பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். இருப்பதில் நல்ல உடை. சூடான்காரர் வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மண்டபம் இன்று நமக்காகிறது என்ற நினைப்பு எல்லா முகத்திலும் இருந்தது. சஃபியா வாழைப்பழ அப்பம் போலிருந்த ஏதோ பலகாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வேலாயுதம் அடுவாவைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எப்ப வரார்?" என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் என்றார்.

அவள் ஒபின்னாவிடம் போய் ஒரு வார்த்தை சொன்னாள். அவர் இன்னொருவரிடம் சொன்னார். யாரும் எழுந்து ஓடவில்லை. குரல்கூட உயரவில்லை. காகிதம் இல்லாதவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தம் பிள்ளையின் கையை ஜோடி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, பின்படி வழியாக இறங்கினார்கள். ஒருவர் மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனார். சூடான்காரர் தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினார். சஃபியா ஹோதானின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். எழுந்தாள், மறுபடி குனிந்து இன்னும் ஏதோ சொன்னாள். அடுவா அவள் தோளைத் தொட்ட பிறகுதான் போனாள்.

மேடையில் டத்தோ சொல்லவிருந்த உறவுப் பாலம் வேலாயுதத்தின் கண்முன்னே இப்படி நடந்து முடிந்தது. கைதட்ட ஆளில்லை.

பின்படி காதர் பாயின் சமையல்கட்டு வழியாகத்தான் போகிறது. காதர் பாய் என்ன ஏது என்று கேட்கவில்லை. அரிசி மூட்டையை நகர்த்தி வழி விட்டார். யார் வருகிறார் என்ற தகவல் மட்டும் அடுப்பு வரைக்கும் பரவிவிட்டது. பரோட்டா போல ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்த ராமநாதபுரத்து ஆள் மாவைக் கல்லில் அப்படியே போட்டுவிட்டு அந்த வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார்.

"நீ எங்கடா போற?" என்றார் காதர் பாய்.

"நானும் பங்காளிதான் பாய்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

டத்தோவும் லோகநாதனும் வந்தார்கள். ஒலிபெருக்கியில் பதிவு செய்த நாகசுரம் முழங்கியது. லோகநாதனுக்கு நாற்பது வயதிருக்கும். சீருடை கச்சிதமாக இருந்தது. விளக்கு ஏற்றினார். மண்டபத்தில் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள், பெரியவர்கள் சொற்பம். காலி நாற்காலிகளைப் பார்த்து டத்தோவுக்கு வருத்தம். நம்மவர்களைப் போலவே இவர்களும் நேரத்துக்கு வருவதில்லை, இது குமரிக்கண்டத்திலிருந்தே வந்த பழக்கம் என்று மேடையில் சொன்னார். செயற்குழு சிரித்தது.

பிறகு கடல்கோள், பஃறுளியாறு, மொழியொற்றுமை. ஒரு பிள்ளைக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்கார அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடுவாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். யாரும் படமெடுக்கவில்லை. டத்தோ வாக்கைக் காப்பாற்றினார்.

சிறப்பு விருந்தினர் பிள்ளைகளை வாழ்த்த வேண்டும் என்றதும் லோகநாதன் கீழே இறங்கி வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார். ஹோதானிடம் வந்ததும் நின்றார். பெயர் கேட்டார். அவள் சொன்னாள். அம்மா அப்பா வரவில்லையா என்று மலாயில் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையிடமும் கேட்பதுதான்.

ஹோதான் தாயைத் தேடவில்லை. வாசலைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஒபின்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுதான் அப்பா," என்றாள் மலாயில்.

லோகநாதன் அவளுடைய நீள முகத்தைப் பார்த்தார். ஒபின்னாவின் அகன்ற முகத்தைப் பார்த்தார். ஒபின்னாவின் இன்னொரு கையில் வேறொரு பிள்ளை, முழங்காலைக் கட்டிக்கொண்டு மற்றொன்று. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்ணின் கைப்பை இருந்தது, பெண் இல்லை. அதற்கடுத்த நாற்காலியின் கீழே கழற்றிவிட்ட செருப்பு ஒரு ஜோடி. எத்தனையோ வருடம் முகங்களையும் காகிதங்களையும் பொருத்திப் பார்த்த கண் அது. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"உங்க பொண்ணா?" என்றார் ஒபின்னாவிடம்.

"ஆமா சார்."

 லோகநாதன் சிறுமியின் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குக் கைகொடுத்தார். சாப்பாட்டுக்கு அவர் நிற்கவில்லை. வேலாயுதம் அவரைப் படி வரைக்கும் கொண்டுவிடப் போனபோது, பாதிப்படியில் நின்று, முகத்தைத் திருப்பாமல் பேசினார்.

"அண்ணே, டத்தோ என்கிட்ட பள்ளிக்கூடம்னு சொல்லல. கலாச்சார நிகழ்ச்சின்னுதான் சொன்னார். நான் பார்த்ததும் கலாச்சார நிகழ்ச்சிதான்."

வேலாயுதம் தலையாட்டினார்.

"ஆனா என்னை இங்க கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது. நாளைக்கு ஆபீஸ்ல யாராவது, அந்த மாடியில என்ன நடக்குதுன்னு கேட்டா நான் பொய் சொல்ல முடியாது. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

இறங்கிப் போய்விட்டார். நிரந்தர மண்டபம் பற்றிய அறிவிப்பை அவர் முன்னிலையில் செய்ய வேண்டுமென்று வைத்திருந்த டத்தோவுக்கு அதில் மனத்தாங்கல். இருந்தாலும் அறிவித்தார். கைதட்டினார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் வந்தபோது கீழே ஒரு லோரி நின்றது. மேலே சுவர் வெறுமையாக இருந்தது. ஆப்பிரிக்கப் படத்தைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அடுவா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வாங்கியபோது இருந்ததைவிட மண்டபம் சுத்தமாக இருந்தது. லோகநாதன் படியில் சொன்னதை வேலாயுதம் முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இரவெல்லாம் நினைத்து, சொன்னதுதான் சரி என்ற முடிவோடு வந்திருந்தார். 

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

அடுவா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"சொல்ல மாட்டேன் அங்கிள்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா."

"போய்ச் சொல்வீங்கன்னு நான் நினைக்கல. டத்தோ கேட்பார். நல்ல மனசோடதான் கேட்பார். நீங்க அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல."

அதில் கோபம் துளியும் இல்லை. ஒரு பிள்ளையிடம் கணக்கு எங்கே பிசகியது என்று காட்டும் குரல்தான் அது.  ரயிலில் சொன்ன 'சரிங்க டத்தோ' வேலாயுதத்துக்கு நினைவுக்கு வந்தது.

சஃபியா என்ன ஆனாள் என்று கேட்டார். பத்திரமாக இருக்கிறாள் என்றாள் அடுவா. ஹோதான் முந்தின நாள் இரவு முழுக்கத் தாயிடம் பேசவில்லையாம். வேறொருவரை அப்பா என்று சொல்லச் சொல்லிவிட்டு நீ ஏன் போனாய் என்று கோபம். சின்னப் பிள்ளை, சரியாகிவிடும் என்றாள். பிறகு, சரியாகாமலும் போகலாம் என்றாள்.

நாற்காலிகளை முன்பிருந்தபடியே புலவர் படங்களுக்கு எதிரே அடுக்கிவைத்துவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது மற்ற கையால் தன் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டாள். மரியாதைக்கு. லோரி கீழே லிட்டில் இந்தியா கடைத்தெருவின் நெரிசலில் புகுந்து எந்தப் பக்கம் திரும்பியது என்பதை அவர் பார்த்திருக்கலாம். சன்னல் பக்கம் போகாமல் உள்ளேயே நின்றார்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் விழா இனிதே நடந்தேறியது என்று பதிவானது. பள்ளி ஏன் காலி செய்துகொண்டு போனது என்பது டத்தோவுக்கு உண்மையாகவே புரியவில்லை. கொடுத்த மண்டபத்தை வேண்டாம் என்று போகிறவர்களை அவர் பார்த்ததில்லை. வருத்தம் கொஞ்ச நேரத்தில் உற்சாகமாக மாறியது. உறவுப் பாலத்தை ஆண்டுவிழாவாக்கிவிடலாம், அவர்கள் இருக்கும் இடத்துக்கே நாம் போய்ப் பாராட்டலாம் என்றார்.

"வேலாயுதம், எங்க இருக்காங்கன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க. காதருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"மாட்டேன் டத்தோ."

செயற்குழு நிமிர்ந்து பார்த்தது. டத்தோ காது கேட்காதவர்போல, என்ன என்றார். வேலாயுதம் திரும்பவும் சொன்னார். சொல் மாறவில்லை.

டத்தோ அவரைச் சற்று நேரம் பார்த்தார். உடம்புக்கு முடியவில்லையோ என்கிற பார்வை. பிறகு நிகழ்ச்சி நிரலில் அடுத்ததற்குப் போனார், பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிடலாம் என்பது. பெயர்கள் வரத் தொடங்கின. கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தவர் வேலாயுதம்தான். அந்த 'மாட்டேன்'-ஐ எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். ரயிலிலேயே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. இப்போது அதனால் யாருக்கும் ஒன்றுமில்லை. எழுதாமல் விட்டுவிட்டு, சொல்லப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.